2880 பைட்டுகளின் ஒப்பந்தம்: காவலூர்க் கோப்புகளும் அவற்றைத் திறக்கும் நிரலகமும்

வானியலாளர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் தரவுக் கோப்பு ஃபிட்ஸ் என்னும் வடிவத்தில் முறைப்படி எழுதப்பட்டிருந்தால், அதன் அளவு 2880 பைட்டுகளின் முழு மடங்காகவே இருக்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துத் தொலைநோக்கி பதிந்த விண்மீன் படமாயினும், 2015இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்ப் பதிவாயினும், கொடைக்கானலில் 1904 முதல் சேர்ந்துவந்த சூரியப் படத்தட்டுகளை எண்வயமாக்கிய கோப்பாயினும் இதற்கு விலக்கில்லை. 1979இல் ஒரு சிலர் காந்த நாடாக்களுக்காக வகுத்துக்கொண்ட இந்த விதி, அந்த நாடாக்கள் வழக்கொழிந்து தரவெல்லாம் இணையக் காப்பகங்களுக்குப் போய்விட்ட பிறகும் அப்படியே நிற்கிறது. கணினித் துறையில் இவ்வளவு நீண்ட ஆயுள் அரிது.

இந்த ஆயுளுக்கு வடிவத்தின் எளிமையே காரணம் என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மை. வடிவம் அசையாமல் நிற்க முடிந்தது, அதைப் படிக்கவும் எழுதவும் பயன்படும் நிரலகம் ஓயாமல் மாறிக்கொண்டு வந்ததால்தான் என்பது மற்றப் பாதி. நம் கல்லூரிகளில் லைப்ரரி என்றே அழைக்கப்படும் அத்தகைய நிரலகங்களுள் முதன்மையானது சிஃபிட்ஸ்ஐஓ. வேலூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்ப் பகுதிகளில் இயற்பியலோ கணினி அறிவியலோ படிக்கும் ஒருவர், தம் ஊருக்கு அருகிலுள்ள மலையிலேயே பதிவான தரவை எடுத்து ஆய்வுத் திட்டம் செய்ய முற்பட்டால், அவர் கையாளப்போவது இந்த நிரலகத்தையோ, இதே வேலையைச் செய்யும் வேறொன்றையோதான். அது உள்ளே என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்பதை அறிந்திருப்பது அவருக்குப் பயன்படும்.

காவலூரில் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972இல் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் 102 செ.மீ. தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 234 செ.மீ. தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வானாய்வகமும் அந்தத் தொலைநோக்கியும் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. ஃபிட்ஸ் வகுக்கப்பட்டபோது அந்த மலை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் 1989இல் மாவட்டம் பிரிந்து அம்பேத்கர் பெயரைப் பெற்றது. பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் காவலூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்தது. மாவட்டத்தின் பெயரும் எல்லையும் இத்தனை முறை மாறிய காலத்தில், அங்கே எழுதப்படும் கோப்பின் முதல் வரி எப்படித் தொடங்க வேண்டும் என்ற விதி ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

1970களில் நிலைமை வேறு. ஒவ்வொரு வானாய்வகமும் தன் கணினிக்கு ஏற்ற வகையில் நாடாவில் தரவை எழுதிவைத்தது. ஒரு நிறுவனத்தின் நாடாவை மற்றொரு நிறுவனம் படிக்க வேண்டுமானால் அதற்கென்று தனி நிரல் எழுத வேண்டும். பத்து நிறுவனங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதுக்கும் தனித்தனி நிரல் எழுத வேண்டும். அமெரிக்காவின் கிட் பீக் ஒளியியல் வானாய்வகத்தைச் சேர்ந்த டான் வெல்ஸ், தேசிய வானொலி வானியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எரிக் கிரைசன், நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் வானொலித் தொலைநோக்கியோடு தொடர்புடைய ரான் ஹார்டன் ஆகியோர் இதற்கு முடிவு காண முனைந்தனர். 1979இல் உருவான உடன்பாடு 1981இல் ஆய்விதழில் வெளியாயிற்று. 1982இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதனை ஏற்றுப் பரிந்துரைத்தது. ஒளியியல் வானியலாளர்களும் வானொலி வானியலாளர்களும் ஒரே கோப்பு வடிவத்துக்கு இசைந்தது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. அவர்களுடைய கருவிகளும் கணக்கிடும் முறைகளும் அவ்வளவு வேறுபட்டவை.

2880 என்னும் எண் அந்தக் காலத்துக் கணினிகளிலிருந்து பிறந்தது. இன்று எட்டு பிட் கொண்ட பைட்டை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். அன்றோ ஒரு கணினி 36 பிட்டை ஓர் அலகாகக் கொண்டது. இன்னொன்று 60 பிட்டை. வேறு சில 16, 24, 32, 48 பிட்டுகளை. நாடாவிலுள்ள ஒரு தொகுதி இவை அனைத்திலும் மீதமில்லாமல் அடங்க வேண்டும் என்றால், அதன் நீளம் இந்த எண்கள் எல்லாவற்றாலும் வகுபட வேண்டும். 2880 பைட் என்பது 23,040 பிட். அதை 60ஆல் வகுத்தால் 384, 36ஆல் வகுத்தால் 640, 48ஆல் வகுத்தால் 480, 64ஆல் வகுத்தால் 360. எங்கும் மீதி இல்லை. மேலும் அக்காலத் துளையட்டையின் ஒரு வரி 80 எழுத்துகளைக் கொண்டது. 2880க்குள் அப்படி 36 வரிகள் சரியாக அடங்குகின்றன. 60 பிட் கணினிகள் இன்று அருங்காட்சியகங்களில்தான் இருக்கின்றன. ஆயினும் அவற்றுக்காகத் தேர்ந்தெடுத்த எண்ணை யாரும் நீக்கவில்லை. நீக்கினால் பழைய கோப்புகள் அனைத்தும் விதிமீறியவை ஆகிவிடும்.

கோப்பின் அமைப்பு பின்வருமாறு. முதலில் தலைப்பகுதி, அதில் 80 எழுத்துகள் கொண்ட வரிகள், ஒவ்வொன்றும் இன்றும் அட்டை என்றே அழைக்கப்படுகின்றன. ஒவ்வோர் அட்டையின் முதல் எட்டு இடங்களில் குறிச்சொல், அடுத்துச் சமக்குறி, பிறகு மதிப்பு, வேண்டுமானால் ஒரு விளக்கம். முதல் அட்டையின் குறிச்சொல் சிம்பிள் என்பதாகவே இருக்க வேண்டும். அடுத்து வரும் பிட்பிக்ஸ், ஒரு படப்புள்ளி எத்தனை பிட்டில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லும்; அதன் மதிப்பு 16 என்றால் முழு எண், மைனஸ் 32 என்றால் தசம எண். பிறகு படத்துக்கு எத்தனை அச்சுகள், ஒவ்வோர் அச்சிலும் எத்தனை புள்ளிகள் என்ற விவரம். எண்ட் என்னும் அட்டையோடு தலைப்பகுதி முடியும். தொகுதியின் மிச்சம் வெற்றிடங்களால் நிரப்பப்படும். அதன் பின் தரவு. அதன் கடைசித் தொகுதியின் மிச்சம் சுழியங்களால் நிரப்பப்படும். 1024க்கு 1024 புள்ளிகள் கொண்ட 16 பிட் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால், தரவு 20,97,152 பைட்; அது 729 தொகுதிகளை எடுத்துக்கொள்ளும்; கடைசித் தொகுதியில் 2,368 பைட் வெறும் சுழியமாகக் கிடக்கும்.

தலைப்பகுதி முழுவதும் மனிதர் படிக்கக்கூடிய எழுத்துகளால் ஆனது என்பதுதான் இந்த அமைப்பில் மிகுந்த தொலைநோக்கோடு எடுத்த முடிவு. நம் பகுதிக்கு இது புதியதொரு கருத்தன்று. பழைய வட ஆர்க்காட்டின் செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு, அவற்றின் வாசகம் ஒரு வாய்பாட்டின்படி செல்வது தெரிந்திருக்கும். அரசன் பெயர், அவனது ஆட்சியாண்டு, நாடு அல்லது ஊர், பூசல் நடந்த விதம், பட்ட வீரன் பெயர் என்ற வரிசையில் பல்லவர் காலத்து வட்டெழுத்தில் பொறித்திருப்பார்கள். உருவத்தைச் செதுக்கியதோடு நிற்காமல், அது யாருடையது, எப்போது என்பதை அதே கல்லில் எழுதிவைத்ததால்தான் இன்று அது சான்றாகிறது. ஃபிட்ஸ் கோப்பும் படத்தையும் படத்தைப் பற்றிய செய்தியையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்திருக்கிறது. நடுகல்லில் உள்ள சிக்கலும் இங்கே உண்டு. ஆட்சியாண்டு மட்டும் இருந்து, அது எந்த மகேந்திரன் என்பது தெளிவாகாவிட்டால் கணக்கு பல பத்தாண்டுகள்கூடத் தவறும். ஃபிட்ஸ் உருவானபோது கண்காணிப்பு நாளை நாள், மாதம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் என்று எழுதினார்கள். 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது 05 என்பது 1905ஆ 2005ஆ என்ற குழப்பம் முன்னே நின்றது.

அதைத் தீர்த்த விதம் இந்தக் கட்டுரையின் மையக் கருத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. 1997இல் எட்டிய உடன்பாட்டின்படி, ஆண்டை நான்கு இலக்கத்தில் முன்னால் எழுதும் புதிய முறை சேர்க்கப்பட்டது. பழைய முறை நீக்கப்படவில்லை. அது என்றென்றும் 1900 முதல் 1999 வரையிலான ஆண்டுகளையே குறிக்கும் என்று வரையறுத்தார்கள். பழைய கோப்பில் ஒரு பைட்டைக்கூட யாரும் திருத்தத் தேவை இருக்கவில்லை. மாறியது நிரலகம்: சிஃபிட்ஸ்ஐஓவின் நாள் பிரிக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) இரண்டு முறைகளையும் அடையாளம் கண்டு, இரண்டுக்கும் நான்கு இலக்க ஆண்டையே விடையாகத் தருகிறது. ஒருமுறை ஃபிட்ஸ் என்று ஏற்கப்பட்டது என்றும் ஃபிட்ஸ் என்பது இந்தச் சமூகத்தின் எழுதப்பட்ட கொள்கை. அதன் செலவை ஏற்பது நிரலகத்தை எழுதுபவர்கள்.

இவ்வளவு எளிய வடிவமாயிற்றே, நாமே இருபது வரியில் படித்துவிடலாமே என்று ஒரு மாணவருக்குத் தோன்றுவது இயல்பு. தலைப்பகுதியைப் படிப்பது உண்மையிலேயே எளிது. தொல்லை தரவில் தொடங்குகிறது. ஃபிட்ஸ் விதிப்படி எண்ணின் பெரிய பைட், அதாவது மதிப்பு மிகுந்த பகுதியைத் தாங்கும் பைட், முன்னால் எழுதப்பட வேண்டும். நம் மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் உள்ள இன்டெல் வகைச் செயலிகளோ சிறிய பைட்டை முன்னால் வைப்பவை. எனவே கோப்பில் 300 என்று இருக்கும் எண்ணை வரிசை மாற்றாமல் எடுத்தால் 11,265 என்று வரும். 1 என்பது 256 ஆகும். படம் திரையில் முழுக் குப்பையாகத் தெரிவதால் இந்தப் பிழையை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்த கண்ணி அவ்வளவு வெளிப்படையானதன்று. சிசிடி ஒளிப்படக் கருவியின் 16 பிட் மின்சுற்று 0 முதல் 65,535 வரை எண்களைத் தருகிறது. ஃபிட்ஸ் வடிவத்திலோ 16 பிட் முழு எண் என்றால் குறி உடையது மட்டுமே. அதன் எல்லை மைனஸ் 32,768 முதல் 32,767 வரை. இதைச் சமாளிக்க ஒவ்வோர் எண்ணிலும் 32,768ஐக் கழித்து எழுதிவிட்டு, படிக்கும்போது அதைத் திரும்பக் கூட்ட வேண்டும் என்பதைப் பி-ஜீரோ என்னும் குறிச்சொல்லில் பதிந்துவைக்கிறார்கள். அந்தக் குறிச்சொல்லைக் கவனிக்காமல் பைட்டுகளைக் குறியில்லாத எண்களாக நேரடியாக எடுத்துக்கொண்டால், 32,768க்கும் மேற்பட்ட ஒளி உள்ள புள்ளிகள் திடீரென்று சுழியத்திலிருந்து எண்ணப்படும். மங்கிய வானம் அதற்கு மாறாக மிகப் பிரகாசமாகும். கழித்த எண்ணைக் குறியுள்ளதாகவே எடுத்துக்கொண்டு கூட்ட மறந்தாலோ படம் பார்வைக்குச் சரியாகத் தெரியும். விண்மீன்கள் விண்மீன்களாகவே இருக்கும். ஆனால் விகிதங்கள் அனைத்தும் தவறாக இருக்கும். இரண்டு விண்மீன்களின் ஒளியை ஒப்பிட்டுப் பொலிவெண் கணக்கிடுபவருக்கு இது பெரும் பிழை; அதைத் திரையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. சிஃபிட்ஸ்ஐஓ இந்தக் கூட்டலைத் தானே செய்துவிடுகிறது. நிரல் எழுதுபவர் எந்த வகை எண்ணாக வேண்டும் என்று கேட்கிறாரோ அந்த வகையிலேயே மாற்றித் தருகிறது. அந்த வகையில் மதிப்பு அடங்காவிட்டால் 412 என்னும் பிழை எண்ணைத் திருப்புகிறது.

இந்த நிரலகத்தை உருவாக்கியவர் நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் பணியாற்றிய வில்லியம் பென்ஸ். 1990களின் தொடக்கத்தில் அவர் எழுதிய முதல் நிரலகம் ஃபோர்ட்ரான் மொழியில் இருந்தது. வானியலாளர்கள் அன்று பெரும்பாலும் அந்த மொழியிலேயே எழுதினார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அதையே சி மொழியில் புதிதாக எழுதினார். பழைய ஃபோர்ட்ரான் நிரல்களை வைத்திருந்தவர்கள் கைவிடப்படவில்லை. அவர்கள் அழைத்துவந்த அதே பெயர்கள், உள்ளே சி மொழிச் செயற்கூறுகளை அழைக்கும் மெல்லிய உறைகளாக மாற்றப்பட்டன. கோப்புக்குப் பின்பற்றிய கொள்கையை நிரலுக்கும் பின்பற்றினார் என்று இதைப் பார்க்கலாம். கோடார்டு மையத்தின் உயர் ஆற்றல் வானியற்பியல் தரவுக் காப்பகம் இன்றும் இதைப் பராமரித்து, மூல நிரலோடு இலவசமாக வழங்குகிறது.

இதன் செயற்கூறுகளை முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு விந்தையாகத் தோன்றுவது, ஏறக்குறைய ஒவ்வொன்றின் கடைசியிலும் வரும் நிலைக்குறி என்னும் மாறி. ஒரு செயற்கூறு தோற்றால் அந்த மாறியில் ஒரு நேர் எண் ஏறும். அடுத்து அழைக்கப்படும் செயற்கூறு, உள்ளே நுழைந்ததும் அந்த எண்ணைப் பார்க்கும். ஏற்கெனவே பிழை இருக்கிறது என்றால் எதையும் தொடாமல் திரும்பிவிடும். ஆகவே கோப்பைத் திற, அளவைக் கேள், படத்தைப் படி என்று வரிசையாக எழுதிவிட்டு, இறுதியில் ஒரே ஒரு முறை நிலைக்குறியைச் சோதித்தால் போதும். 104 என்றால் கோப்பே திறக்கவில்லை. 202 என்றால் தேடிய குறிச்சொல் தலைப்பகுதியில் இல்லை. 107 என்றால் கோப்பின் முடிவைத் தாண்ட முயன்றது. இன்றைய மொழிகளில் பழகியவர்களுக்கு இது பழமையான முறையாகத் தெரியலாம். எனினும் முதல் பிழைக்குப் பின் தவறான தரவின் மேல் எதுவும் நடந்துவிடாது என்ற உறுதியை இது தருகிறது; இரவு முழுவதும் தானாக இயங்கும் நிரலுக்கு அந்த உறுதி முக்கியம். நடைமுறையில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம், மாறியைத் தொடக்கத்தில் சுழியமாக்க மறப்பது: நினைவகத்தில் ஏதோ ஓர் எண் கிடந்தால், ஒரு செயற்கூறும் வேலை செய்யாது.

ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுத இந்த நிரலகம் மறுத்துவிடும். மேலெழுதத்தான் வேண்டும் என்றால் கோப்பின் பெயருக்கு முன் ஆச்சரியக்குறியிட்டுச் சொல்ல வேண்டும். ஓர் இரவின் மூலத் தரவு போனால் அந்த இரவைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை அறிந்த ஒருவர் எடுத்த முடிவு இது.

உள்ளே நடக்கும் வேலையில் வெளியே தெரியாத ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். தலைப்பகுதியில் 36 அட்டைகளும் நிறைந்திருக்கும்போது, படத்தைச் சீராக்கிய ஒருவர் அதில் ஒரு புதிய குறிச்சொல்லைச் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ட் அட்டை 37ஆம் இடத்துக்குத் தள்ளப்படுகிறது. அதற்கு ஒரு புதிய தொகுதி தேவை. அதாவது பின்னாலுள்ள தரவு முழுவதும் 2880 பைட் நகர வேண்டும். நூற்றுக்கணக்கான மெகாபைட் கொண்ட கோப்பில் இது சாதாரண வேலையன்று. நிரலகம் இதைத் தானே செய்துகொள்கிறது. பயனர் பார்ப்பது ஒரே ஒரு செயற்கூறின் அழைப்பை மட்டும். ஆகவே நிறையக் குறிச்சொற்களைச் சேர்க்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால், தலைப்பகுதியில் இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. அதற்கும் ஒரு செயற்கூறு உண்டு.

கோப்பின் பெயரோடு சேர்த்தே வடிகட்டும் வசதியை இந்த நிரலகத்தின் மிகச் சிறந்த கொடையாக நான் கருதுகிறேன். பெயரை அடுத்துச் சதுர அடைப்புக்குள் புள்ளிகளின் எல்லையைக் குறித்தால், படத்தின் அந்தப் பகுதி மட்டும் ஒரு தனிக் கோப்பைப் போல நிரலின் கைக்கு வரும். அட்டவணைக் கோப்பாக இருந்து, அடைப்புக்குள் ஒரு நிபந்தனையை எழுதினால், அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகள் மட்டுமே வரும். எக்ஸ் கதிர் வானியலில் ஒவ்வோர் ஒளித்துகளும் அட்டவணையில் ஒரு வரிசை. அவற்றுள் குறிப்பிட்ட ஆற்றலுக்கு மேற்பட்டவற்றை மட்டும் எடுக்க, பயன்படுத்தும் நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு சிறிய எச்சரிக்கை: ஒரே கோப்பில் பல பகுதிகள் இருக்கலாம்; அவற்றுள் முதலாவதான முதன்மைப் பகுதி அடைப்புக்குறிக்குள் 0 என்று எண்ணப்படுகிறது, செயற்கூறுகளுக்குக் கொடுக்கும்போது அதே பகுதி 1 என்று எண்ணப்படுகிறது. இந்த முரண்பாட்டுக்கு நியாயம் சொல்வது கடினம்.

சுருக்குதலும் இவ்வாறே நிரலகத்தில் தொடங்கியதுதான். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்கி, அவற்றை ஒரு ஃபிட்ஸ் அட்டவணையின் வரிசைகளாக அடுக்கும் முறையை பென்ஸும் உடன் பணியாற்றியோரும் வளர்த்தெடுத்தனர். சுருக்கிய பிறகும் அது ஃபிட்ஸ் கோப்பாகவே இருக்கிறது. தலைப்பகுதி அப்படியே படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. படத்தின் ஒரு மூலை மட்டும் தேவை என்றால் அந்தக் கட்டங்களை மட்டும் விரித்தால் போதும். முழு எண் படங்களுக்கு ரைஸ் என்னும் முறை எந்த இழப்புமின்றிப் பெரும்பாலும் பாதி அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ கொண்டுவந்துவிடும். எவ்வளவு சுருங்கும் என்பதைப் பெருமளவுக்கு நிர்ணயிப்பது விண்மீன்களின் எண்ணிக்கையன்று, பின்னணியிலுள்ள இரைச்சல். இரைச்சலை எந்த முறையாலும் சுருக்க இயலாது. தசம எண் படங்களில் இரைச்சலுக்கும் கீழான இலக்கங்களை வெட்டிவிட்டே சுருக்குகிறார்கள் என்பதால் அங்கே சிறு இழப்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். நிரலகத்தில் பல ஆண்டுகள் பழக்கத்தில் இருந்த இந்த முறை, 2016இல் ஒப்புதல் பெற்ற ஃபிட்ஸ் நான்காம் பதிப்பில்தான் விதியாக ஏறியது. நீண்ட சொற்றொடரை அடுத்த அட்டையில் தொடரும் வழக்கமும் அப்படித்தான் விதியாயிற்று.

ஃபிட்ஸ் மீது குறைகள் இல்லாமல் இல்லை. எட்டு எழுத்துக்குள் குறிச்சொல் அடங்க வேண்டும் என்பதால் பெயர்கள் புதிர்களாகிவிடுகின்றன. ஒன்றுக்குள் ஒன்றாகத் தகவலை அடுக்க வழியில்லை. தலைப்பகுதியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. கண்காணித்தவர் தம் பெயரைத் தமிழில் எழுதிவைக்க முடியாது. ஒரு கருவியின் ஒளியியல் திரிபுகளை எல்லாம் விவரிக்க அதன் ஆயத்தொலைக் குறிச்சொற்கள் போதவில்லை என்பதால், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கோப்புகளில் ஃபிட்ஸுக்குள்ளேயே ஏஎஸ்டிஎஃப் என்னும் புதிய வடிவத்தின் ஒரு பகுதியைப் பொதித்து அனுப்புகிறார்கள். புதிய வடிவம் வந்தபோதும் அது பழையதன் உள்ளே வந்து அமர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய கருவிகளுக்குப் புதிய வடிவம் வருவதை எதிர்ப்பதில் பொருளில்லை. ஆனால் பத்தாண்டுகள் கழித்தும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டிய தரவை இப்போதைக்கு ஃபிட்ஸில் வைப்பதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

இன்றைய மாணவர்கள் சி மொழியை விடப் பைத்தானையே விரும்புகிறார்கள். அவர்களுக்கு ஆஸ்ட்ரோபை என்னும் பைத்தான் நிரலகம் இருக்கிறது. அதன் ஃபிட்ஸ் பகுதி, ஹபிள் தொலைநோக்கியை நிர்வகிக்கும் நிறுவனத்தில் உருவான பைஃபிட்ஸ் என்பதன் தொடர்ச்சி. தொடக்கத்துக்கு அதுவே போதும். இரண்டையும் கலந்து பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சிஃபிட்ஸ்ஐஓவில் முதல் படப்புள்ளியின் எண் 1. கிடை அச்சு முதலில் வரும். ஆஸ்ட்ரோபையில் முதல் புள்ளி 0. நிலை அச்சு முதலில் வரும். ஒரு நிரலில் கண்டுபிடித்த விண்மீனின் இடத்தை மற்றொன்றில் தேடி, ஒரு புள்ளி தள்ளியோ அச்சு மாறியோ வேறொரு விண்மீனை அளந்துவிடுவது மிக எளிதாக நேரும்.

எந்த நிரலகத்தாலும் சரிசெய்ய முடியாத ஒன்று, தலைப்பகுதியில் மனிதரோ கருவியோ எழுதிய மதிப்பின் பொருள். நாளையும் நேரத்தையும் எடுத்துக்கொள்வோம். உலக நேரத்தை விட நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. காவலூரில் நள்ளிரவு கடந்ததும் நம் நாட்காட்டியில் தேதி மாறிவிடும். உலக நேரத்திலோ தேதி அதிகாலை ஐந்தரை மணிக்குத்தான் மாறும். ஆகவே இரவு ஒரு மணிக்கு எடுத்த படத்துக்கு இந்த இரண்டு கணக்குகளும் வெவ்வேறு தேதிகளைத் தரும். நேரத்தை உலக நேரத்திலும் தேதியை நம் நாட்காட்டியின்படியும் எழுதிய கோப்பு ஒன்று இருக்குமானால், அது விதிப்படி குற்றமற்ற ஃபிட்ஸ் கோப்பாகவே இருக்கும். நிரலகம் ஒரு பிழையும் சொல்லாது. மாறொளி விண்மீனின் அலைவுக் காலத்தைக் கணக்கிடுபவருக்கு ஒரு முழு நாள் தவறும். மாதமும் ஆண்டும் இன்றி நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும், வானியலாளர் பயன்படுத்தும் ஜூலியன் நாள் உலக நேரப்படி நண்பகலில், அதாவது நமக்கு மாலை ஐந்தரைக்குத் தொடங்குவதால், காவலூரின் ஓர் இரவு ஏறக்குறைய முழுவதும் ஒரே ஜூலியன் நாளுக்குள் அடங்கிவிடுகிறது. தேதியில் ஐயம் வரும்போது சரிபார்க்க இதுவே நல்ல வழி: ஓர் இரவின் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் ஜூலியன் நாளின் முழு எண் வேறுபட்டால், எங்கோ பிசகியிருக்கிறது.

நேரத்திலும் இத்தகைய ஐயம் உண்டு. டேட்-ஆப்ஸ் என்னும் குறிச்சொல் வேறு குறிப்பு இல்லாதபோது படப்பதிவு தொடங்கிய கணத்தைக் குறிக்கிறது என்பது பொது வழக்கு. முப்பது நிமிடம் நீளும் நிறமாலைப் பதிவில் ஆய்வுக்குத் தேவைப்படுவதோ நடுக்கணம். பூமியின் ஓட்டத்தால் ஏற்படும் வேக மாற்றத்தைக் கழிக்கும்போது இந்தப் பதினைந்து நிமிட வேறுபாடு விடையில் தெரியும். நான்காம் பதிப்பில் தொடக்கம், சராசரி, முடிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் தரப்பட்டிருக்கின்றன. புதிய கோப்புகளில் அவை நிரப்பப்பட்டிருந்தால் அவற்றையே படிக்க வேண்டும். அவை இல்லாத பழைய கோப்பாயின், பதிவு நீண்ட நேரத்தைச் சொல்லும் குறிச்சொல்லில் பாதியைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் எழுதப்பட்ட கணம் தொடக்கம்தானா, அல்லது பதிவு முடிந்து கணினி கோப்பை எழுதிய நேரமா என்பதை அந்த இரவின் கண்காணிப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கூட்ட வேண்டும்.